மாதாமாதம் 708 கட்டியும் நிலுவை 708: குலசேகரம் பகுதி வீடு ஒன்றின் பிராட்பேண்ட், டிவி பில் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த ஒரு கிராமத்து வீடு. ரப்பர் வெட்டும் அப்பா, அம்மா, பாட்டி, நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் என வீட்டில் நான்கு பேர். மூத்த மகன் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார். 2023 மே மாதம் விடுமுறையில் வந்தபோது அவர் தன் பெயரில் ஒரு ஃபைபர் இணைப்பு எடுத்துக் கொடுத்தார். இணையமும் கூடத்து டிவியும் ஒரே பில்லில் வரும் போஸ்ட்பெய்டு திட்டம் அது. பாட்டி அறையில் இருந்த பழைய கேபிள் இணைப்பைத் தொடவில்லை. மலையாள சேனல்கள் உட்பட பாட்டி வழக்கமாகப் பார்ப்பவை அதில் இருந்தன, கேபிள்காரரும் தெரிந்தவர்.

திட்டத்தின் வாடகை 600 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 108 ரூபாய், மொத்தம் 708. பில் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி போடப்படும். கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 5. கடைசி நாள் முடியும்போது 200 ரூபாய்க்கு மேல் நிலுவை இருந்தால் 100 ரூபாய் தாமதக் கட்டணம் என்று நிறுவனத்தின் கட்டண விதி சொல்கிறது. அந்த 100 ரூபாய்க்கும் ஜிஎஸ்டி உண்டு. ஒரு சேவைக்கான பணம் தாமதமானதற்காக வாங்கும் வட்டி, அபராதம், தாமதக் கட்டணம் எல்லாம் அந்தச் சேவையின் மதிப்போடு சேரும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வதால், வாடகைக்குள்ள வரியே இதற்கும் வருகிறது. ஆக ஒரு முறை தவறினால் 118 ரூபாய். ஒரு நாள் தவறினாலும் இருபது நாள் தவறினாலும் அதே 118தான்.

வீட்டுக்குப் பணம் வரும் நாட்களையும் சொல்ல வேண்டும். மகன் அனுப்பும் பணம் மாதம் 7ஆம் தேதிக்கும் 10ஆம் தேதிக்கும் இடையில் வரும். அப்பாவின் வருமானம் வெட்டைப் பொறுத்தது. ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும் பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை வெட்டை நிறுத்திவிடும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் மாவட்டம் என்பது தென்னைக்கும் வாழைக்கும் நல்லது, ரப்பர் வெட்டுகிறவர் கைக்கு அப்படியல்ல. 5ஆம் தேதி என்ற கடைசி நாள் இந்த வீட்டில் பணம் மிகக் குறைவாக இருக்கும் நாள். இணைப்பு எடுத்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை. மகனுடைய டெபிட் கார்டில் ஆட்டோபே (மாதாமாதம் பில் தொகையைத் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) போடப்பட்டிருந்ததால் யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆட்டோபே நின்ற விதம்

2024 ஜனவரியில் அந்த டெபிட் கார்டு காலாவதியானது. வங்கி அனுப்பிய புதிய கார்டுக்கு எண் வேறு. பழைய கார்டின் மேல் கொடுத்திருந்த அனுமதி புதிய கார்டுக்குத் தொடரவில்லை. பிப்ரவரி 5இல் பணம் போகவில்லை.

இது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இணைப்போடு பதிவாகியிருந்தது மகனின் பழைய இந்திய எண். அவர் வெளிநாடு போனபின் அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்யாததால் அது துண்டிக்கப்பட்டுவிட்டது. பில் வந்த செய்தி, கடைசி நாள் நினைவூட்டல், ஆட்டோபே தோற்ற செய்தி எல்லாம் அந்த எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தன. துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாள் கழித்து நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதால், பிறகு அவை முன்பின் தெரியாத ஒருவரின் போனிலும் விழுந்திருக்கக்கூடும். மின்னஞ்சலில் பில் ஒழுங்காக வந்தது. மகன் அதைத் திறந்து பார்க்கவில்லை.

பிப்ரவரி 11 ஞாயிற்றுக்கிழமை இணைப்பு நின்றது. வீட்டுக்கு வந்திருந்த மகள் வாடிக்கையாளர் எண்ணைப் பேமெண்ட் ஆப்பில் போட்டுப் பார்த்தபோது 708 என்று காட்டியது. கட்டினார், அரை மணி நேரத்தில் இணைப்பு வந்தது. வீட்டில் எல்லார் மனதிலும் பதிந்தது இரண்டு செய்திகள்: இனி நாமே கட்ட வேண்டும், கட்ட வேண்டிய தொகை 708.

இரண்டாவதுதான் சிக்கலின் வேர். அன்று ஆப் காட்டியது ஜனவரி பில்லின் தொகை. 6 நாள் தாமதத்துக்கான 118 பிப்ரவரி 20 பில்லில்தான் ஏறும்.

ஆறு மாதத்தில் கணக்கு ஏறிய விதம்

மார்ச் முதல் பெரும்பாலும் அம்மா குலசேகரத்தில் ஒரு ரீசார்ஜ் கடையில் பணமாகக் கட்டினார். கடைக்காரர் "அக்கா, எப்பவும் உள்ள 708 தானே?" என்று கேட்பார். அம்மாவும் ஆம் என்பார். பில் தொகையைத் திரையில் எடுத்துப் பார்த்துக் கட்டியிருந்தால் வித்தியாசம் முதல் மாதமே தெரிந்திருக்கும். ஆனால் இந்த நிறுவனம் எந்தத் தொகையையும் ஏற்றுக்கொள்ளும் என்பதால் 708ஐ அடித்து அனுப்பினால் போய்விடும்.

பின்னால் எடுத்த கணக்கு அறிக்கையில் இருந்தது இது:

பிப்ரவரி 20 பில்: 826. மார்ச் 9இல் கட்டியது 708, மீதி 118.
மார்ச் 20 பில்: 944. ஏப்ரல் 8இல் 708, மீதி 236.
ஏப்ரல் 20 பில்: 1,062. மே 6இல் வரவானது 708, மீதி 354.
மே 20 பில்: 1,180. ஜூன் 10இல் 708, மீதி 472.
ஜூன் 20 பில்: 1,298. ஜூலை 3இல் 708, மீதி 590.
ஜூலை 20 பில்: 1,416. ஆகஸ்ட் 4இல் 708, மீதி 708.

ஆறு பில்லிலும் 118 ஏறியிருக்கிறது. ஆறு 118 சேர்ந்தால் 708, அதாவது சரியாக ஒரு மாத பில். ஜூலை, ஆகஸ்டில் கடைசி நாளுக்கு முன்பே 708 கட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் பழைய மீதி 200 ரூபாய்க்கு மேல் நின்றதால் தாமதக் கட்டணம் ஓயவில்லை. வாடகை பாக்கியே இல்லாத வீட்டில், தாமதக் கட்டணத்தின் பாக்கிக்காகவே தாமதக் கட்டணம் விழுந்துகொண்டிருந்தது.

இடையில் ஒரு பழுதும் நேர்ந்தது. மே கடைசி வார மழையில் தோட்டத்து மரக்கிளை ஒன்று முறிந்து கம்பத்துக்குக் கம்பம் போகும் ஃபைபர் வயர்மேல் விழுந்தது. மே 27 திங்கள்கிழமை புகார் பதிவானது, ஜூன் 7 வெள்ளிக்கிழமைதான் சரிசெய்தார்கள். அந்தப் புகார் எண்ணை மகள் நோட்டில் எழுதி வைத்திருந்தார். பிறகு இதற்கு நல்ல மதிப்பு வந்தது.

இணைப்பு நின்றதும், தவறாகப் புரிந்துகொண்டதும்

ஆகஸ்ட் 14 காலை இணையமும் கூடத்து டிவியும் நின்றன. பாட்டி அறையில் கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டும் இருந்தது. மழையில் முன்பு வயர் அறுந்த அனுபவத்தால் இதுவும் வயர்க் கோளாறு என்று நினைத்து பழுதுப் புகார் கொடுத்தார்கள். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டும் பயனில்லை. ஒரு நாள் இப்படியே போனது.

ரூட்டர் பெட்டியின் விளக்குகளைப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். வயர் அறுந்தால் பெட்டியில் லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பில் எரியும் அல்லது மின்னும், பான் (PON) விளக்கு அணையும் அல்லது மின்னும். பில்லுக்காக நிறுத்தினால் வயரில் ஒளி வந்துகொண்டே இருக்கும்: லாஸ் அணைந்திருக்கும், பான் பச்சையில் நிலையாக எரியும், இணைய விளக்கு மட்டும் வராது அல்லது நிறம் மாறும். அன்று இந்த வீட்டில் இருந்தது இரண்டாவது நிலை. போனை வைஃபையில் இணைத்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தபோது பணம் கட்டச் சொல்லும் பக்கமும் வந்தது. விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டார்கள்.

மறுநாள் வாடிக்கையாளர் மையத்தில் 708 பாக்கி என்றார்கள். "மாசாமாசம் கட்டிட்டுத்தானே இருக்கோம், பிறகு எதுக்கு கட் பண்ணுனிய?" என்பது அம்மாவின் கேள்வி. பாக்கித் தொகையும் 708, மாதம் கட்டுவதும் 708 என்பதால் போன மாதம் கட்டிய பணம் சேரவில்லை என்றே வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். ரீசார்ஜ் கடைக்காரர் மேல் சந்தேகம் திரும்பியது. ஊரில் நுகர்வோர் விஷயங்களில் உதவும் ஒருவரை அப்போதுதான் கூப்பிட்டார்கள். மகனின் மின்னஞ்சலில் இருந்த பில்கள் அனைத்தையும் வரவழைத்து, ஒவ்வொன்றின் முதல் பக்கத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது கால் மணி நேரத்தில் விஷயம் விளங்கியது. கடைக்காரர் பணம் எதையும் விழுங்கவில்லை.

எது நியாயமான கட்டணம், எது இல்லை

ஆறு தாமதக் கட்டணங்களையும் ஒட்டுமொத்தமாக அநியாயம் என்று சொல்லிப் புகார் கொடுக்கலாம் என்பது வீட்டாரின் முதல் எண்ணம். அப்படிச் செய்யாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்ப்பது என்று முடிவானது. காரணம் எளிது: ஆறில் ஒன்று தெளிவாகச் சரி என்று நிறுவனம் காட்டிவிட்டால் மற்ற ஐந்தையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் பில்களில் ஏறிய மூன்றும் சரியானவை. பணம் கடைசி நாளுக்குப் பிறகுதான் போயிருந்தது. செய்தி பழைய எண்ணுக்குப் போனது என்ற வாதம் நிற்காது, எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டியது வாடிக்கையாளர். ஜூன் பில்லில் ஏறியதும் சரி. ஜூன் 10இல் கட்டியதற்குக் காரணம் வயர் அறுந்தது என்று வீட்டார் சொன்னார்கள். ஆனால் இணைப்பு இல்லாத நாட்களுக்கு விதியில் இருக்கும் பரிகாரம் வாடகைக் கழிவு. பில்லின் கடைசி நாள் அதனால் தள்ளிப்போவதில்லை.

அந்தக் கழிவு இதுவரை கேட்கப்படவே இல்லை. 2024 நடுவில் நடப்பில் இருந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006இல் கொண்டுவந்த பிராட்பேண்ட் தர விதிகளின்படி, பழுது மூன்று வேலைநாளுக்கு மேல் ஏழு வேலைநாளுக்குள் நீடித்தால் 7 நாள் வாடகை, ஏழுக்கு மேல் பதினைந்துக்குள் என்றால் 15 நாள் வாடகை, அதற்கும் மேல் என்றால் ஒரு மாத வாடகை கழிக்கப்பட வேண்டும். மே 27 முதல் ஜூன் 7 வரை, சனிக்கிழமையைச் சேர்க்காமல் எண்ணினாலும் ஏழு வேலைநாளைத் தாண்டுகிறது. ஆகவே 15 நாள் வாடகை 300, வரியோடு 354. 2024 அக்டோபர் 1 முதல் புதிய தர விதிகள் வந்துவிட்டன. அதற்குப் பிந்தைய பழுதுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக்கூடாது.

மே பில்லில் ஏறிய கட்டணத்தில் வீட்டாருக்கு உறுதி இருந்தது. மே 4 சனிக்கிழமை கடையில் பணம் கொடுத்தது அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைக்காரர் துண்டுச் சீட்டும் தந்திருந்தார். ஆனால் நிறுவனத்தின் கணக்கில் வரவு மே 6 திங்கள்கிழமை. கடைக்காரரைக் கேட்டபோது, அன்று தன் வாலெட்டில் இருப்பு இல்லாததால் திங்கள்கிழமை ஏற்றியதாக ஒளிக்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை 5ஆம் தேதி கடைசி நாளாக இருந்தது அவருக்குத் தெரியாது.

ஜூலை, ஆகஸ்ட் பில்களில் ஏறியவைதான் உண்மையில் எதிர்க்கத் தக்கவை. (ஆகஸ்ட் 20 பில் அப்போது வரவில்லை, ஆனால் ஆகஸ்ட் 5இல் 200க்கு மேல் மீதி இருந்ததால் அதிலும் 118 ஏறும் என்பது உறுதி.) இரண்டு மாதத்திலும் நடப்பு வாடகை முழுவதும் கடைசி நாளுக்கு முன்பே வந்திருக்கிறது. நின்ற மீதி முழுக்கத் தாமதக் கட்டணமே. இதற்குத் துணையாக எடுத்துக்கொண்டது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 59ஆம் பிரிவு. பல கடன் இருக்கும்போது ஒருவர் கொடுக்கும் பணம் எந்தக் கடனுக்கு என்று வெளிப்படையாகச் சொன்னாலோ, சூழ்நிலையிலிருந்து தெரிந்தாலோ, வாங்கிக்கொள்பவர் அதற்கே வரவு வைக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் வாடகைத் தொகையான 708 மட்டுமே கட்டுவது அது வாடகைக்குத்தான் என்பதைக் காட்டும் சூழ்நிலை என்பது வாதம். எதுவும் சொல்லாமல், தெரியாமல் கட்டினால் 60ஆம் பிரிவின்படி வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைக்கலாம். நிறுவனம் இதைச் சொல்லும் என்பதும் எதிர்பார்க்கப்பட்டது.

எடுத்த முடிவுகள்

மகளுக்கு வார இறுதியில் வீட்டிலிருந்து எழுத வேண்டிய வேலைகள் இருந்தன, இணைப்பு வேண்டும். மூன்று வழிகள் பேசப்பட்டன. முழு 708ஐயும் கட்டிவிட்டுப் பிறகு கேட்பது ஒன்று. கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பதைவிடக் கட்டாத தொகையை நீக்கக் கேட்பது எளிது என்பதால் அது விடப்பட்டது. எதையும் கட்டாமல் வேறு நிறுவனத்துக்கு மாறுவது இன்னொன்று. மொபைலில் எண்ணைக் கொண்டுபோவது போல ஃபைபருக்குக் கிடையாது, புது வயர் இழுக்க வேண்டும், பழைய பாக்கி மகன் பெயரிலேயே நிற்கும். அதுவும் விடப்பட்டது.

மூன்றாவது, ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்டி, ஒப்புக்கொள்ளாததை எழுத்தில் எதிர்ப்பது. மூன்று சரியான கட்டணமும் ஜூன் கட்டணமும் சேர்ந்து 472. இதிலிருந்து வாடகைக் கழிவு 354ஐத் தாங்களே கழித்துக்கொண்டு 118 மட்டும் கட்டலாமே என்று மகள் கேட்டார். வேண்டாம் என்று முடிவானது. கழிவை நிறுவனம் வரவு வைக்கும்வரை அது கணக்கில் பாக்கியாகவே நிற்கும், நிறுத்தமும் தொடரும். ஆகஸ்ட் 16இல் 472 கட்டப்பட்டது. பாக்கி 236 ஆனது, அன்று மாலை இணைப்பு வந்தது.

ஆகஸ்ட் 17இல் புகார் மையத்தில் பில்லிங் புகாராகப் பதிவு செய்தார்கள். பழுதுப் புகார் என்று பதிவாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வகை மாறினால் லைன்மேன் வந்து வயரைப் பார்த்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார். இணைப்பு மகன் பெயரில் இருப்பதால் தங்கையிடம் பேச முதலில் மறுத்தார்கள். மகன் தன் பதிவான மின்னஞ்சலிலிருந்து, தங்கை தன் சார்பில் பேசலாம் என்று ஒரு வரி அனுப்பியபின் பேசினார்கள். புகாரின் வாசகம் இது:

"2024 ஜூலை 20 பில்லில் சேர்க்கப்பட்ட 118 ரூபாய், ஆகஸ்ட் 20 பில்லில் சேரவிருக்கும் 118 ரூபாய் ஆகிய தாமதக் கட்டணங்களை எதிர்க்கிறோம். அந்தந்த மாத வாடகை முறையே ஜூலை 3, ஆகஸ்ட் 4 தேதிகளில், கடைசி நாளுக்கு முன் கட்டப்பட்டுள்ளது. எந்தப் பணம் தாமதம் என்று மே 20 பில்லில் 118 ரூபாய் சேர்க்கப்பட்டதோ அந்தப் பணம் மே 4இலேயே உங்கள் வசூல் கடையில் செலுத்தப்பட்டது. மே 27இல் பதிவான பழுது ஜூன் 7இல் சரிசெய்யப்பட்டதற்கு 15 நாள் வாடகைக் கழிவு வரவில்லை. எதிர்க்கும் தொகைமேல் புகார் முடியும்வரை புதிய தாமதக் கட்டணம் சேர்க்க வேண்டாம். இனி நாங்கள் கட்டும் தொகை அந்த மாத வாடகைக்கு மட்டுமே வரவு வைக்கப்பட வேண்டும்."

கடைசி வாக்கியம் 59ஆம் பிரிவுக்காக. புகார் எண் எஸ்எம்எஸ்ஸில் வருவதால், அது பழைய எண்ணுக்குப் போகாதபடி மின்னஞ்சலிலும் கேட்டு வாங்கப்பட்டது.

பதிவான கைபேசி எண்ணை மாற்றுவதும் அதே வாரம் தொடங்கியது. ஆப்பில் மாற்ற முயன்றால் ஓடிபி பழைய எண்ணுக்கே போகிறது. தக்கலை அலுவலகத்தில் மகன் கையெழுத்திட்ட கடிதத்தின் நகல், அவருடைய அடையாள ஆவண நகல், பழைய பில் ஒன்று ஆகியவற்றைக் கொடுத்த நான்காவது வேலைநாளில் அம்மாவின் எண் பதிவானது. இந்த ஒரு வேலையை 2023இலேயே செய்திருந்தால் மற்ற எதுவும் தேவைப்பட்டிருக்காது என்றே சொல்ல வேண்டும்.

பின் நடந்தது

செப்டம்பர் 2இல் பதில் வந்தது. பழுதுப் புகார் எண் இருந்ததால் 354 ரூபாய் கழிவை மறுபேச்சின்றி ஏற்றார்கள். தாமதக் கட்டணங்கள் கணினி தானாகப் போடுபவை, நீக்க இயலாது என்றார்கள். நல்லெண்ண அடிப்படையில் ஒன்றை மட்டும் விட்டுவிடுவதாகப் போனில் சொன்னதை மகள் ஏற்கவில்லை. ஏற்றிருந்தால் புகார் தீர்ந்ததாக மூடப்பட்டிருக்கும்.

ஆகஸ்ட் 20 பில் 1,062. அதில் வாடகை 708 மட்டும் செப்டம்பர் 3இல் கட்டப்பட்டது. மீதி 354, அதாவது எதிர்ப்பில் இருந்த மூன்று கட்டணம். எதிர்ப்பில் இருந்தும் கணினி செப்டம்பர் பில்லில் இன்னொரு 118ஐச் சேர்த்தது.

தொலைத்தொடர்பு நுகர்வோர் குறைதீர்ப்பு விதிகள், 2012இன்படி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. புகார் மையத்தின் பதிலில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் முறையிடலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். செப்டம்பர் 9இல் மின்னஞ்சலில் முறையீடு போனது. கணக்கு அறிக்கை, ஜூலை, ஆகஸ்ட் பேமெண்ட் ரசீதுகள், மே மாதத் துண்டுச் சீட்டு, புகாரின் நகல், மறுப்புப் பதில் இணைக்கப்பட்டன. டிராய்க்கு எழுதலாமா என்று வீட்டில் கேட்டார்கள். டிராய் தனிநபர் புகார்களைத் தானே தீர்ப்பதில்லை என்பதால் அது நேரத்தை வீணாக்கும் வழி.

அக்டோபர் 14இல் முடிவு வந்தது. ஜூலை, ஆகஸ்ட் கட்டணங்கள் நீக்கப்பட்டன. புகார் நிலுவையில் இருந்தபோது ஏறிய செப்டம்பர் கட்டணமும் நீக்கப்பட்டது. மே கட்டணம் நீக்கப்படவில்லை. கடைக்காரரின் கைச்சீட்டில் பரிவர்த்தனை எண் இல்லை, நேரமும் இல்லை, நிறுவனத்தின் பதிவு மே 6 என்றது. அந்த 118 வீட்டாருக்கு இழப்பு. அதை நியாயமான முடிவு என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது, மனது ஒப்பாவிட்டாலும்.

செப்டம்பர் பில் 826ஆக வந்தது, 354 கழிவு அதிலேயே இறங்கியிருந்தது. அக்டோபர் 3இல் 708 கட்டியபின் மீதி 118. 200க்குக் கீழ் என்பதால் புதிய கட்டணம் இல்லை. அக்டோபர் 20 பில்லில் 354 நீக்கம் வரவாகி 472 மட்டுமே காட்டியது. அக்டோபர் 28இல் அதைக் கட்டியதும் கணக்கு பூஜ்யம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் தேவை வரவில்லை. போயிருக்கலாம்: நாகர்கோவிலில் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போடலாம். தொலைபேசிப் பில் விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது என்று முன்பு சொல்லப்பட்டு வந்த தடையை உச்ச நீதிமன்றம் 2022இல் நீக்கிவிட்டது. ஆனால் 708 ரூபாய்க்கு 118 ரூபாய் என்ற கட்டணமே அளவு மீறியது, நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிட வேண்டுமானால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அந்தக் கேள்வி இந்த நிகழ்வில் தொடப்படவில்லை. ஆறு நாள் தாமதத்துக்கு ஆறில் ஒரு பங்கு என்பது எந்த அளவுகோலிலும் அதிகம். யாராவது எடுத்துப் போக வேண்டிய கேள்வி அது.

இப்போதைய ஏற்பாடு, மாற்றிச் செய்ய வேண்டியவை

பில் தேதியை மாற்றித் தர நிறுவனம் மறுத்தது. ஆட்டோபே மீண்டும் போடலாம் என்பது மகனின் யோசனை. அம்மாவின் கணக்கில் 7ஆம் தேதிக்கு முன் இருப்பு இருக்காது என்பதால் அதை ஏற்கவில்லை. வங்கி மூலம் தானாகப் பிடிக்கும் தொகை இருப்பின்றித் திரும்பினால் பல வங்கிகள் அதற்கெனக் கட்டணம் பிடிக்கின்றன. அது 118ஐவிடக் கூடுதலாக இருக்கும், தாமதக் கட்டணமும் தனியே விழும். பணம் வரும் நாளுக்கு முன் கடைசி நாள் விழும் வீட்டுக்கு ஆட்டோபே பாதுகாப்பு அல்ல, இரட்டை அபராதம்.

ப்ரீபெய்டு திட்டத்தில் தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை, கடன் இல்லாததால். பாட்டியின் கேபிள் இந்தக் குழப்பம் முழுவதிலும் ஒரு நாளும் நிற்காமல் ஓடியது கேபிள்காரர் முன்பணமாக வாங்குவதால்தான். ஃபைபரையும் அப்படி மாற்றலாம் என்றால், காலம் முடிந்த நிமிடமே நின்றுவிடும், போஸ்ட்பெய்டில் கடைசி நாளுக்குப் பின் கிடைக்கும் அந்த ஒரு வாரம் கிடைக்காது. கூடத்து டிவியின் சேனல் தொகுப்பும் அந்த நிறுவனத்தின் ப்ரீபெய்டில் இல்லை.

ஆகவே ஒரு மாத வாடகையை முன்பணமாகக் கணக்கில் வைப்பது என்று தீர்மானித்தார்கள். மழை நின்று பால் நன்றாக இறங்கும் டிசம்பரில், ரப்பர் ஷீட் விற்ற பணத்திலிருந்து ஒரே தடவையில் 1,416 கட்டப்பட்டது. பில்லில் 708 முன்பணம் என்று கழித்தல் குறியோடு நிற்கிறது. இனி அம்மா 9ஆம் தேதி கட்டினாலும் 5ஆம் தேதி பாக்கி எதுவும் இருக்காது. முன்பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதுதான் இதில் கடினம். பிப்ரவரி, மார்ச்சில் பால் குறையும்போது அது கரையும். அடுத்த டிசம்பரில் மீண்டும் நிரப்ப வேண்டும்.

கடையில் கட்டும் பழக்கமும் மாறவில்லை, மாற்றவும் வற்புறுத்தவில்லை. அம்மாவுக்கு அதுதான் வசதி. இரண்டு மட்டும் மாறியிருக்கிறது. தொகையைச் சொல்லிக் கட்டுவதில்லை. கடைக்காரர் வாடிக்கையாளர் எண்ணை அடித்துத் திரையில் வரும் தொகையைக் காட்டிய பிறகே பணம் கொடுக்கிறார். கைச்சீட்டு வாங்குவதில்லை, பரிவர்த்தனை எண்ணும் தேதியும் நேரமும் உள்ள செய்தி தன் போனில் வந்து விழும்வரை கடையில் நிற்கிறார். வாலெட்டில் இருப்பு இல்லை என்றால் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்.

மீண்டும் செய்வதானால் ஒன்று முன்கூட்டியே செய்யப்பட வேண்டும்: வாடகைக் கழிவை ஜூன் மாதமே கேட்டிருந்தால் அந்த 354 ஜூலை 5க்கு முன் வரவாகியிருக்கலாம். ஜூலை 3இல் 708 கட்டியபின் மீதி 236 என்று நின்றிருக்கும். அதோடு 37 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருந்தால் 200க்குக் கீழே இறங்கி, ஜூலை பில்லின் கட்டணம் விழுந்திருக்காது.